தவிடு போன வழி: ஒரு உணவுப் பட்டியலும் எங்கட நெல்லும்

ஹிஸ்டமின் குறைந்த உணவுமுறை என்று ஒரு பட்டியல் இப்ப எங்கட ஆக்களுக்குள்ளயும் புழங்கத் தொடங்கியிருக்கு. அடிக்கடி உடம்பு தடிச்சுச் சொறியிறவங்க, காரணம் பிடிபடாத தலையிடியும் வயித்துக் குழப்பமும் உள்ளவங்க சிலருக்கு வைத்தியர்மார் இதைச் சொல்லுறாங்க. வேறு சிலருக்கு சுவிஸிலயும் ஜேர்மனியிலயும் இருக்கிற சொந்தக்காரர் அனுப்பி வைக்கிறாங்க. தவிர்க்க வேண்டியவை ஒரு பக்கம்: கருவாடு, மாசி, ரின் மீன், தயிர், புளிக்க வைத்த மா, நேற்றைய மீன்கறி. சாப்பிடக்கூடியவை மறுபக்கம்: சூடாகச் சமைத்த சோறு, தவிடு நீங்காத அரிசி, குரக்கன், சோளன், இறுங்கு, ஓட்ஸ்.

பட்டியலை எங்கட ஊர்க் கண்ணால் பார்த்தால் ஒரு விசயம் உறைக்கும். 'சாப்பிடலாம்' என்ற பக்கத்தில் ஓட்ஸைத் தவிர மிச்சமெல்லாம் படுவான்கரையின் வயலிலும் சேனையிலும் விளைஞ்சது, விளையிறது. ஆனால் இன்றைக்கு வந்தாறுமூலைச் சந்தியில் நின்று காலைச் சாப்பாடு தேடினால் கிடைப்பது பாணும், பரோட்டாவும், வெள்ளை மா இடியப்பமும். முழுதானியம் என்பது இப்ப நோயாளிக்கு எழுதிக்கொடுக்கிற ஒன்றாகவும், கடையில் கூடின விலைக்கு வாங்குற ஒன்றாகவும் ஆகியிருக்கு. இது எப்படி நடந்தது? தவிடு எங்கட தட்டிலிருந்து எந்த வழியால் வெளியே போனது? இந்தக் கட்டுரையில் நாங்கள் தேடுவது அதைத்தான்.

ஒரு தானியப் பூஞ்சணத்திலிருந்து

முதலில் ஹிஸ்டமினின் கதை. 1907இல் ஜேர்மனியில் வின்டவுஸ், ஃபோக்ட் என்ற இரண்டு வேதியியலாளர்கள் இந்தப் பதார்த்தத்தை ஆய்வுகூடத்தில் தயாரித்தார்கள். அது உயிரினங்களில் என்ன செய்யும் என்று அப்போது தெரியாது. 1910இல் லண்டனில் ஹென்றி டேல், ஜோர்ஜ் பார்கர் ஆகியோர் அதே பதார்த்தத்தை எர்கொட் என்ற பூஞ்சணத்தின் சாற்றில் கண்டுபிடித்தார்கள். எர்கொட் பிடிப்பது ஐரோப்பாவின் ரை என்ற தானியக் கதிரில். ஆக, ஹிஸ்டமின் மருத்துவத்துக்குள் வந்ததே பழுதான ஒரு தானியத்தின் வழியாகத்தான். எங்கட சொந்த உடம்பின் இழையங்களிலும் அது இயல்பாகவே இருக்கு என்பது 1927இல் உறுதியானது.

உணவில் அது எப்படி உருவாகுது? புரதத்தில் ஹிஸ்டிடின் என்றொரு அமினோ அமிலம் இருக்கு. சில வகை பக்ரீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றும். சூரை, கெலவல்லா போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் அதிகம். பிடிச்ச மீன் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் சில மணித்தியாலத்திலேயே வேலை தொடங்கிவிடும். ஒருமுறை உருவான ஹிஸ்டமின் கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அழியாது. சாப்பிட்ட பிறகு அதைச் சிதைப்பதற்குக் குடலில் டயமின் ஒக்சிடேஸ் என்ற நொதியம் இருக்கு. அந்த நொதியம் போதாதவர்களுக்குத்தான் பிரச்சினை வருகுது என்பது இந்த உணவுமுறையின் அடிப்படை.

காய்ந்த தானியம் இந்தக் கணக்கில் நல்ல பிள்ளை. ஈரம் இல்லாததால் பக்ரீரியாவுக்கு அங்க வேலை இல்லை. அதனால்தான் நெல்லும் குரக்கனும் 'சாப்பிடலாம்' பக்கத்தில் இருக்கு.

ஒன்றைச் சொல்லிவிட்டுப் போக வேணும். ஹிஸ்டமினைத் தாங்காத உடல்நிலை பற்றி வைத்தியர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. அதை நிச்சயமாகக் காட்டுகிற ஒரு தனிப் பரிசோதனை இன்னும் இல்லை. பட்டியல்களும் ஒன்றுக்கொன்று முரண்படும். அதனால் வைத்தியரின் பார்வையில் சில வாரம் மட்டும் கட்டுப்பாடாக இருந்துவிட்டு, பிறகு ஒவ்வொரு உணவாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பதுதான் முறை. பட்டியலை மட்டும் நம்பி வாழ்நாள் முழுக்கப் பத்தியம் இருக்கிறது ஆபத்து.

இலங்கை மீன், இலங்கை நோயாளி

இதெல்லாம் வெளிநாட்டுச் சங்கதி என்று நினைக்கத் தேவையில்லை. ஹிஸ்டமின் பற்றிய மருத்துவ வரலாற்றில் இலங்கைக்கு ஒரு தனி இடம் இருக்கு. 1970களில் காசநோய்க்கு ஐசோனியசிட் என்ற மருந்து எடுத்துக்கொண்டிருந்த நோயாளிகள் சிலருக்கு, மீன் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலையிடிச்சு, நெஞ்சு படபடத்து, உடம்பெல்லாம் அரிப்பு எடுத்தது. நெஞ்சுநோய் வைத்தியர் சி. ஜி. ஊரகொடவும் மருந்தியல் பேராசிரியர் எஸ். ஆர். கோட்டேகொடவும் இதை ஆராய்ந்து 1977இல் 'டியூபர்கிள்' என்ற சர்வதேச மருத்துவ இதழில் எழுதினார்கள். காரணம் மீனில் இருந்த ஹிஸ்டமின். மருந்தோ அதைச் சிதைக்கிற குடல் நொதியத்தைத் தடுத்து வைத்திருந்தது. மற்றவர்கள் தாங்கிக்கொள்ளுகிற அளவு ஹிஸ்டமினே இந்த நோயாளிகளுக்கு நஞ்சானது.

இன்றும் இலங்கையில் காசநோய் மருந்து தொடங்குபவர்களிடம் சூரை, கெலவல்லா வகை மீன்களைத் தவிர்க்கச் சொல்லுறாங்க. அந்தப் புத்திமதிக்குப் பின்னால் இந்த ஆய்வு இருக்கு.

இதில் எங்கட கண்ணில் படுகிற விசயம் வேற. காசநோய் அதிகம் தாக்குவது நெருக்கமான வீடுகளில் வாழ்கிற, சத்துக் குறைந்த ஏழைகளை. ஐஸில் வைத்த காலை மீனுக்குக் காசு கொடுக்க முடியாமல், பின்னேரம் விலை இறங்கின பிறகு மிச்ச மீனை வாங்குறவங்களும் அவங்கதான். பிடிச்ச மீனுக்கும் சட்டிக்கும் இடையில் எவ்வளவு நேரம் போகுது என்பதைக் காசு தீர்மானிக்குது. தானியத்திலயும் இதே கதைதான் நடந்திருக்கு. அங்க பழுதாவது வேற மாதிரி, அவ்வளவுதான்.

மலாயாவில் எங்கட சனம்

தவிட்டுக்கு என்ன மதிப்பு என்று விஞ்ஞானம் கண்டுபிடிச்சது ஒரு நோயின் ஊடாக. பெரிபெரி: கால் மரத்து, வீங்கி, கடைசியில் இதயம் நின்று போகிற நோய். 'முடியாது' என்று பொருள்படுகிற சிங்களச் சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்ததென்று பரவலாகச் சொல்லுவாங்க. 1890களில் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், கிறிஸ்டியான் எய்க்மன் என்ற டச்சு வைத்தியர், தீட்டின வெள்ளை அரிசிச் சோறு தின்ற கோழிகள் கால் இழுத்து விழுவதையும், தவிட்டோடு இருக்கிற அரிசி கொடுத்தால் எழும்புவதையும் பார்த்தார். 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எங்களுக்கு இன்னும் நெருக்கமான சாட்சியம் மலாயாவில் இருக்கு. அங்க சீனத் தொழிலாளர்கள் சுரங்கங்களில் பெரிபெரியால் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்களிடம் அந்த நோய் அருமை. ஒரே நாடு, ஒரே வெயில், இரண்டு பகுதியும் சோறுதான் தின்றது. லியனர்ட் பிராடன் என்ற வைத்தியர் 1907இல் வெளியிட்ட நூலில் வித்தியாசத்தைச் சுட்டிக்காட்டினார்: சீனர்கள் தின்றது சியாமிலிருந்து வந்த தீட்டின பச்சையரிசி, தமிழர்கள் தின்றது புழுங்கல். அதே காலத்தில் வில்லியம் பிளெச்சர் கோலாலம்பூர் மனநோய் வைத்தியசாலையில் ஒரு பகுதி நோயாளிகளுக்குப் பச்சையரிசியும் மறு பகுதிக்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்தார். பச்சையரிசிப் பகுதியில்தான் நோய் பரவி, பலர் செத்தார்கள்.

காரணம் பிறகுதான் விளங்கினது. நெல்லை உமியோடு ஊறப்போட்டு அவிக்கும்போது தவிட்டில் இருக்கிற விற்றமின் பி1 அரிசியின் உள்ளுக்குள் இறங்குது. பிறகு தவிட்டைத் தீட்டினாலும் ஒரு பங்கு உள்ளே தங்கிவிடும். அடுப்படியில் நெல் அவிச்ச பொம்பிளைகள் விற்றமின் என்ற சொல் பிறக்க முன்னமே அதைப் பாதுகாத்திருக்காங்க. அந்தச் சொல் 1912இல்தான் வந்தது. அந்தப் பொம்பிளைகளின் பெயர் எந்த இதழிலும் இல்லை.

உரல், மில், நேரம்

எங்கட பகுதியில் புழுங்கலும் உண்டு, பச்சையும் உண்டு. நெல் அரிசியாக வாங்கப்படாமல் நெல்லாகவே வீட்டில் இருந்தது என்பதுதான் முக்கியம். களவெட்டியில் சூடடிச்சு வந்த நெல்லை மூடையிலோ கூட்டிலோ கட்டி வைத்து, தேவைக்கு எடுத்துக் குத்துறது. உமிக்குள்ள இருக்கிற நெல் மாதக்கணக்கில், ஏன் வருசத்துக்கு மேலயும் தாங்கும். உமி போன உடனே கணக்கு மாறும். தவிட்டில் எண்ணெய் இருக்கு, அந்த எண்ணெயை உடைக்கிற நொதியமும் அங்கயே இருக்கு. உரலில் இடிபடும்போது இரண்டும் ஒன்றையொன்று தொட்டு, எங்கட வெக்கையில் சில வாரத்திலேயே காறல் மணம் வரத் தொடங்கும். தவிட்டரிசி பழுதாவது இந்த வழியால், ஹிஸ்டமினால் இல்லை. ஆனால் அதுவும் மீனைப்போல நேரத்துக்குக் கட்டுப்பட்ட சாப்பாடு.

வெள்ளை அரிசி ஏன் உலகம் முழுக்க வென்றது என்பதற்கு இதற்குள்ளயே விடை இருக்கு. ருசியும் அந்தஸ்தும் ஒரு பங்கு. பெரிய பங்கு இதுதான்: தவிடு நீங்கின அரிசி கப்பலில் போகும், களஞ்சியத்தில் கிடக்கும், கடைத் தட்டில் மாதக்கணக்கில் இருக்கும். விளைஞ்ச இடத்துக்கும் தின்கிற வாய்க்கும் இடையில் தூரம் கூடக்கூட, தவிடு வியாபாரிக்கு இடைஞ்சல்.

'புது விதை வந்து எல்லாத்தையும் கெடுத்தது' என்று சொல்லுறவங்க உண்டு. முழுக்கச் சரியில்லை. 1950களின் கடைசியில் பத்தலகொட ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்து நாடு முழுக்கப் பரவின எச்-4 என்ற நெல்லின் பெற்றோரில் ஒன்று முருங்கைக்காயன். பெயரே தமிழ்ப் பெயர். எச்-4 சிவப்பு அரிசி. இன்றும் எங்கட வயல்களில் சிவப்பு நெல் விளையுது. விதை மாறினாலும் சிவப்பு போகவில்லை. அதை உரித்தெடுத்தது தீட்டுகிற மில்லும், வெள்ளையாகத் தா என்று கேட்ட சந்தையும்.

ஆனால் மில்லைத் திட்டிவிட்டு உரலைக் கும்பிடுவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. ஒரு குடும்பத்துக்குத் தேவையான நெல்லை நாளாந்தம் குத்திப் புடைப்பது யார்? உலக்கை பிடிச்ச கை பொம்பிளைட கை. தோள் நோவும், கைக் காய்ப்பும், விடிய முன்னம் எழும்பின நித்திரையும் அந்தத் தவிட்டுக்குள்ள இருக்கு. மில் வந்தபோது அந்த மணித்தியாலங்கள் திரும்பக் கிடைத்தன. அந்த நேரத்தில்தான் எத்தனையோ பொம்பிளைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்காங்க. 'பாட்டிமார் ஆரோக்கியமாகச் சாப்பிட்டாங்க' என்று எழுதுற எல்லாரும் அந்தப் பாட்டிமாரின் தோளையும் சேர்த்து எழுத வேணும்.

கூப்பனும் அமெரிக்கன் மாவும்

அடுத்த வெட்டு யுத்தத்தால் வந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன் இலங்கை தின்ற அரிசியில் பெரும்பகுதி இறக்குமதி. அதில் கூடுதலாக வந்தது பர்மாவிலிருந்து. 1942 மார்ச்சில் ரங்கூன் யப்பானியர் கையில் விழுந்ததும் அந்த அரிசி நின்றது. பங்கீடு வந்தது, கூப்பன் வந்தது, அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா வந்தது. யுத்தம் முடிஞ்சும் மா போகவில்லை. அமெரிக்காவின் உணவு உதவி மா கப்பல் கப்பலாக இறங்கினபோது தமிழில் அதற்கு 'அமெரிக்கன் மா' என்றே பெயர் விழுந்தது. பிட்டும் ரொட்டியும் பெயர் மாறாமல் உள்ளே மட்டும் மாறின.

1980 முதல் திருகோணமலைச் சீனக்குடாவில் பிரீமா ஆலை கோதுமையை அரைக்கத் தொடங்கியது. கிழக்கில் கோதுமை விளையாது. ஆனால் நாட்டின் மிகப்பெரிய மா ஆலை கிழக்கில் நிற்குது. வெள்ளை மாவுக்காகப் பிரிக்கிற தவிடு கால்நடைத் தீனியாகப் போகுது. எய்க்மனின் கோழிகளுக்குத் தெரிஞ்சது மாட்டுக்கும் கோழிக்கும் இன்றும் கிடைக்குது, மனிசருக்குத்தான் இல்லை.

பிறகு எங்கட யுத்தம். 1990இல் எங்கட வந்தாறுமூலை வளாகம் பல்லாயிரம் பேரின் அகதி முகாமாக இருந்தது. அந்த வருசம் செப்டம்பர் 5ஆம் திகதி இங்கிருந்து இராணுவத்தால் கொண்டுபோகப்பட்ட 158 பேர் திரும்பி வரவில்லை. 2006, 2007இல் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இடம்பெயர்ந்து நிவாரண அரிசியிலும் மாவிலும் பருப்பிலும் வாழ்ந்தார்கள். இவ்வளவு இழப்புக்கு நடுவில் தவிட்டைப் பற்றிப் பேசுவது சின்ன விசயமாகத் தெரியும். ஆனால் ஒரு சமூகம் தன் சாப்பாட்டை இழப்பது இப்படித்தான்: விதைநெல் போகும், நெல்லுக்கூடு எரியும், சேனைக்குப் போற பாதை மூடப்படும், குரக்கன் விதைக்கிற காலம் இரண்டு மூன்று தடவை தவறும். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைக்குக் குரக்கன் ரொட்டி ஒரு 'நோயாளிச் சாப்பாடு'.

யாருக்கு முடியும்?

2000களின் நடுப்பகுதியில் நடந்த ஒரு பெரிய ஆய்வு, இலங்கையில் வளர்ந்தவர்களில் 10.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. முழுதானியத்துக்குத் திரும்புங்கள் என்ற பிரசாரத்துக்கு இப்படியான எண்கள்தான் அடிப்படை. அந்த ஆய்வு ஒன்பது மாகாணங்களில் ஏழில் மட்டுமே நடந்தது. யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை. புத்திமதி எங்களுக்கும் பொது, எங்கட உடம்பு மட்டும் அந்தக் கணக்கில் இல்லை.

ஹிஸ்டமின் பட்டியலும் அப்படித்தான் எங்களிடம் வருகுது. அது கேட்பது இரண்டு: தானியம் முழுசாக இருக்க வேணும், சாப்பாடு அப்பவே சமைத்ததாக இருக்க வேணும். மீன் பிடிச்ச உடனே ஐஸில் போக வேணும், மிச்சக் கறி உடனே குளிரூட்டிக்குள் போக வேணும். 2022 மார்ச் கடைசியில் இந்த நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. அந்த நாட்களில் இந்தப் பட்டியலைக் கடைப்பிடிக்க யாரால் முடிஞ்சிருக்கும்? இன்னொரு கேள்வியும் இருக்கு. மூன்று நேரமும் புதுசாகச் சமை என்று பட்டியல் சொல்லும்போது, அடுப்புக்கு முன்னால் மூன்று நேரமும் நிற்பது யார்? உலக்கையால் இறங்கின பாரம் அகப்பையால் திரும்ப ஏறக் கூடாது.

உண்மையாகவே இந்த உணவுமுறை தேவைப்படுகிறவர்களுக்கு எங்கட ஊரில் வழி இருக்கு, செலவும் பெரிசில்லை. சிவப்பரிசி மாப் பிட்டை அவிச்சு சூட்டோட தின்னலாம். குரக்கன் ரொட்டி அப்பவே சுட்டது நல்லது. இறுங்கையும் சோளனையும் அவிச்சால் போதும், புளிக்க வைக்கத் தேவையில்லை. பழஞ்சோறும் எருமைத் தயிரும் எங்கட பெருமைதான், ஆனால் அந்தச் சில வாரம் தள்ளி வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பார்க்கலாம். மீன் என்றால் வாவியில் விடியப் பிடிச்சதை அன்று மத்தியானமே சமைக்கலாம். தவிட்டரிசியை ஒரு மாதத்துக்கு மொத்தமாக வாங்காமல் இரண்டு கிழமைக்கு அளவாக வாங்கி, மணந்து பார்த்து எடுத்தால் காறல் பிரச்சினை வராது. நெல்லு உள்ள வீட்டுக்காரர் மில்லில் 'கனக்கத் தீட்ட வேணாம்' என்று சொன்னாலே பாதி வேலை முடியும்.

தனி ஆளின் கையில் உள்ளது இவ்வளவுதான், மிச்சம் பொதுவில் கேட்டு வாங்க வேண்டியது. மீன் இறக்குற துறைகளில் கட்டுப்படியான விலைக்கு ஐஸ் வேணும். காசநோய் மருந்து எடுக்கிறவருக்கு எந்த மீன், ஏன் கூடாது என்று அவர் பேசுற தமிழில் விளங்கப்படுத்த வேணும். படுவான்கரையில் விளையிற சிவப்பு நெல் வெள்ளை அரிசியை விடக் கூடின விலைக்கு எங்களுக்கே திரும்பி வரக்கூடாது. பல்கலைக்கழகச் சிற்றுண்டிச்சாலைகளில் மத்தியானம் ஒரு பானையாவது குத்தரிசிச் சோறு வேக வேணும். கடைசியாகச் சொன்னது சின்னக் கோரிக்கைதான். ஆனால் அதை இந்தத் தவணைக்குள்ளயே கேட்கலாம், நாங்கள் கேட்கப் போறம்.